படகை மட்டும் எண்ணும் கட்சிகள்

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் பிரிட்டன் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, அகதிகளைப் பற்றி வலதுசாரிக் கட்சிகள் சொல்கிற கணக்கே தப்பு என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி திட்டு, பாதி சந்தேகம். இரண்டுமே நியாயமானவை என்பதால் இந்த இதழில் வேறு எதையும் தொடவில்லை.

கணக்கு தப்பு என்று எழுதிவிட்டு எந்தக் கணக்கு என்று சொல்லாமல் போய்விட்டீர்கள். லட்சக்கணக்கில் ஆட்கள் வருவது பொய்யா? அந்த ஊர்க்காரனுக்குக் கோபம் வராதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

வருவது பொய் இல்லை ஐயா. யார் வருகிறார்கள், எந்த வழியாக வருகிறார்கள், யார் கூப்பிட்டு வருகிறார்கள் என்பதில்தான் தில்லுமுல்லு. 2022-ல் ரப்பர் படகுகளில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து பிரிட்டனுக்கு வந்தவர்கள் ஏறக்குறைய 45,700 பேர். அந்த ஆண்டு அக்டோபர் கடைசியில் கன்சர்வேடிவ் கட்சியின் (டோரிகள் என்பதும் இவர்களைத்தான்) உள்துறை அமைச்சர் சுவெல்லா பிராவர்மன் நாடாளுமன்றத்தில் எழுந்து, இது நம் தென்கரை மீது நடக்கிற படையெடுப்பு என்றார். அடுத்த ஜனவரியில் பிரதமர் ரிஷி சுனக் கொடுத்த ஐந்து வாக்குறுதிகளில் ஒன்று, படகுகளை நிறுத்துவேன் என்பது. கொஞ்ச நாளில் அவர் நின்று பேசிய மேசையின் முகப்பிலேயே 'படகுகளை நிறுத்து' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள்.

அதே கட்சியின் ஆட்சியில், 2023 ஜூனோடு முடிந்த ஓராண்டில், பிரிட்டனுக்கு வந்தவர்களிலிருந்து வெளியேறியவர்களைக் கழித்தால் மிஞ்சிய எண்ணிக்கை 9 லட்சத்தைத் தாண்டியது. இதில் படகில் வந்தவர்கள் ஒரு சிறு துண்டுதான். மற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் விசா வாங்கி விமானத்தில் வந்து இறங்கியவர்கள். முதியோர் இல்லங்களில் வேலை பார்க்கக் கேரளத்திலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும் ஜிம்பாப்வேயிலிருந்தும் போனவர்கள், பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டுக் கட்டணத்தை நம்பிச் சேர்த்துக்கொண்ட மாணவர்கள், உக்ரைன்காரர்கள், ஹாங்காங்காரர்கள். அத்தனை பேருக்கும் விசா கொடுத்தது அந்த அரசாங்கம்தான். அவர்கள் வேண்டும் என்று கேட்டது அந்நாட்டு முதலாளிகளும் மருத்துவமனைகளும் பல்கலைக்கழகங்களும்.

இத்தாலியைப் பாருங்கள். 2022 தேர்தலில் ஜார்ஜியா மெலோனி, வட ஆப்பிரிக்கக் கரையில் கடற்படையை நிறுத்தி வைத்துப் படகுகளை மறிப்போம் என்று பேசித்தான் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த ஆண்டே அவர் அரசு 2023 முதல் 2025 வரை 4,52,000 வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு அனுமதி கொடுக்க ஆணை போட்டது. தக்காளி பறிக்கவும் ஓட்டல்களில் வேலை பார்க்கவும் வயதானவர்களைக் கவனிக்கவும் ஆள் வேண்டுமே. அந்த ஆணையை நான் குறை சொல்ல மாட்டேன், நாட்டுக்கு அது தேவை. ஆனால் அதை மேடையில் உரக்கச் சொல்லி ஓட்டுக் கேட்க அவர்களால் முடியாது. படகைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம், ஏனென்றால் படகில் வருகிறவனுக்கு ஓட்டு இல்லை, அவனுக்காகப் பேச ஒரு கம்பெனி இல்லை, அவன் தொலைக்காட்சியில் மட்டும் நன்றாகத் தெரிகிறான்.

கோபம் வராதா என்று கேட்டீர்கள். வரும், அதில் நியாயமும் இருக்கிறது. வீட்டு வாடகை ஏறிப்போச்சு, டாக்டரைப் பார்க்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், இதெல்லாம் நிஜம். ஆனால் பிரிட்டனில் 2010-க்குப் பிறகு நகராட்சிகளுக்குப் போகிற பணத்தை வெட்டியதும் அதே கன்சர்வேடிவ் கட்சிதான். புகலிட மனுக்களை வருஷக்கணக்கில் தீர்க்காமல் குவித்து வைத்ததால்தான் மனுப் போட்டவர்களை ஓட்டலில் தங்க வைக்க வேண்டிவந்தது. முதல் ஒரு வருஷம் அவர்கள் வேலை செய்யவே கூடாது என்பது சட்டம். அதற்குப் பிறகும் குறிப்பிட்ட சில வேலைகளுக்குத்தான் அனுமதி. கைச்செலவுக்கு வாரம் சுமார் 49 பவுண்டு, ஓட்டலில் சாப்பாட்டோடு இருந்தால் 10 பவுண்டுக்கும் குறைவு. கையைக் கட்டிப்போட்டுவிட்டு, உட்கார்ந்து தின்கிறான் என்று சொல்வது எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

அகதிகளே இல்லாத நாடுகளில்கூட இந்தப் பேச்சு எடுபடுகிறதாமே, எப்படி?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

ஹங்கேரியைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 2015 கோடையில் விக்டர் ஓர்பன் அரசு நாடு முழுக்க விளம்பரப் பலகைகள் வைத்தது. "நீ ஹங்கேரிக்கு வந்தால் ஹங்கேரியர்களின் வேலையைப் பறிக்கக் கூடாது" என்பது ஒரு பலகையில் இருந்த வாசகம். எழுதியிருந்தது ஹங்கேரிய மொழியில். சிரியாவிலிருந்து நடந்து வருகிறவருக்கு அதில் ஓர் எழுத்து புரியாது. படிக்க வேண்டியவர் பஸ்சுக்குக் காத்திருக்கிற உள்ளூர்க்காரர் என்பது அரசுக்கு நன்றாகத் தெரியும்.

அந்த ஆண்டு ஹங்கேரி வழியாக ஏராளமானவர்கள் போனது உண்மை. 1,77,000 பேர் அங்கே மனுவும் போட்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் போய்விட்டார்கள். பிறகு ஐரோப்பிய ஒன்றியம் பங்கிட்டுக் கொடுத்தபோது ஹங்கேரியின் பங்குக்கு வந்தது 1,294 பேர். கிட்டத்தட்ட ஒரு கோடி மக்கள் இருக்கிற நாட்டுக்கு! நம்மூர் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் இருக்கிற பிள்ளைகள் அளவு. இந்த 1,294 பேருக்கு எதிராக 2016 அக்டோபர் 2-ம் தேதி நாடு தழுவிய வாக்கெடுப்பே நடத்தினார்கள். வாக்களித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வேண்டாம் என்றார்கள், ஆனால் பாதிப் பேர்கூட வந்து செல்லத்தக்க ஓட்டுப் போடாததால் சட்டப்படி அது செல்லாமல் போனது. சில ஆண்டுகள் கழித்து அதே அரசு பிலிப்பைன்ஸ், வியட்நாம் நாடுகளிலிருந்து தொழிற்சாலைகளுக்கு ஆட்களை வரவழைத்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1956-ல் சோவியத் டாங்கிகள் புடாபெஸ்டுக்குள் நுழைந்தபோது சுமார் 2 லட்சம் ஹங்கேரியர்கள் எல்லை தாண்டி ஓடினார்கள். ஆஸ்திரியா யாரையும் திருப்பி அனுப்பவில்லை.

ஆஸ்திரேலியா படகுகளைத் தடுத்ததால்தான் கடலில் ஆட்கள் சாவது நின்றது. இதையும் நேர்மையாக எழுதுவீர்களா?
– ஈழத்தமிழர், மெல்பர்ன்

எழுத வேண்டியதுதான். 2001 அக்டோபரில் இந்தோனேசியாவிலிருந்து கிளம்பிய ஒரே படகு மூழ்கி 353 பேர் செத்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். 2010 டிசம்பரில் கிறிஸ்துமஸ் தீவுப் பாறைகளில் மோதி 50 பேர் வரை. 2013-க்குப் பிறகு படகுகள் ஏறக்குறைய நின்றுபோயின, அந்தக் கடலில் சாவும் நின்றது. உயிர் போகக் கூடாது என்ற கவலையோடு இதைச் சொல்கிறவரோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை.

ஆனால் அங்கே ஆட்சிக்கு வந்த வலதுசாரிகள் (கட்சியின் பெயர் லிபரல், பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்) உயிரைக் காப்பாற்றுகிற பேச்சாகத் தொடங்கவில்லை. 2001 ஆகஸ்டில் டம்பா என்ற நார்வே சரக்குக் கப்பல், மூழ்கிக்கொண்டிருந்த படகிலிருந்து 433 பேரைத் தூக்கிக் காப்பாற்றிக் கொண்டுவந்தது, பெரும்பாலும் ஆப்கன் ஹசாராக்கள். ஜான் ஹவார்ட் அரசு அந்தக் கப்பலைக் கரைக்கு வர விடாமல், அதன் மேல் ராணுவ வீரர்களை ஏற்றியது. காப்பாற்றிய கப்பல் அது!

அடுத்து அக்டோபர். தேர்தல் பிரசார நேரம். ஒரு படகில் வந்தவர்கள் தங்கள் குழந்தைகளையே கடலில் தூக்கி எறிந்தார்கள் என்று அமைச்சர்கள் சொன்னார்கள். ஆதாரமாகப் படங்களும் வெளியிட்டார்கள், தண்ணீரில் தத்தளிக்கிற பெரியவர்கள், குழந்தைகள். அந்தப் படங்கள் மறுநாள் அந்தப் படகே மூழ்கியபோது, கடற்படையினர் அவர்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தபோது எடுத்தவை. எந்தக் குழந்தையும் வீசப்படவில்லை என்பது தேர்தல் முடிந்த பிறகு செனட் விசாரணையில் தெளிவாக வந்தது. அதற்குள் நவம்பர் 10-ம் தேதி தேர்தலில் ஹவார்ட் ஜெயித்திருந்தார். பெற்ற பிள்ளையைக் கடலில் எறிகிறவர்கள் என்று ஒரு கூட்டத்தைப் பற்றி நம்பவைத்துவிட்டால், அப்புறம் அவர்களை என்ன செய்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். இந்த முழு விவகாரத்திலும் எனக்கு மிகவும் கொடுமையாகப் படுவது இதுதான்.

நம் ஆட்கள் கதையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2014 ஜூனில் புதுச்சேரியிலிருந்து கிளம்பிய படகில் 157 ஈழத்தமிழர்கள், குழந்தைகள் உட்பட. அவர்களைச் சுங்கத்துறைக் கப்பலில் ஏற்றி ஏறக்குறைய ஒரு மாதம் கடலிலேயே வைத்திருந்தார்கள். அப்படி ஒரு படகு இருக்கிறதா என்று பத்திரிகையாளர்கள் கேட்டால்கூட முதலில் அமைச்சர் ஸ்காட் மாரிசன் பதில் சொல்லவில்லை. மறுவருஷம் உயர் நீதிமன்றம் நாலுக்கு மூன்று என்ற கணக்கில், அது சட்டப்படி சரி என்று தீர்ப்புச் சொன்னது. அதே மாரிசன் பிறகு பிரதமரானார். 2022 மே 21, வாக்குப்பதிவு நாள் அன்று இலங்கையிலிருந்து வந்த ஒரு படகு மறிக்கப்பட்டது. அந்தச் செய்தியை அவசர அவசரமாக வெளியிட வைத்து, 'எல்லையைக் காப்பாற்ற லிபரலுக்கு ஓட்டுப் போடுங்கள்' என்று வாக்காளர்களின் போனுக்குக் கட்சி எஸ்.எம்.எஸ். அனுப்பியது. நீங்கள் மெல்பர்னில் இருப்பதால் உங்களுக்கே வந்திருக்கலாம்.

பிலோயலா குடும்பத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க மனசு வரவில்லை. குவீன்ஸ்லாந்தில் சுமார் 6,000 பேர் வாழ்கிற சின்ன ஊர், இறைச்சித் தொழிற்சாலையை நம்பிப் பிழைக்கிற ஊர். தனித்தனியாகப் படகில் வந்த ஒரு தமிழ் ஆணும் பெண்ணும் ஆஸ்திரேலியாவில் கல்யாணம் செய்துகொண்டு அங்கே குடியிருந்தார்கள். அவர் அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். இரண்டு பெண் குழந்தைகளும் அங்கேதான் பிறந்தன. 2018 மார்ச்சில் ஒருநாள் விடியற்காலையில் எல்லைக் காவல் அதிகாரிகள் வந்து நாலு பேரையும் அள்ளிக்கொண்டு போனார்கள். 2019 ஆகஸ்டில் இலங்கைக்கு விமானம் ஏற்றியே விட்டார்கள். விமானம் வானில் இருக்கும்போது நீதிபதி தடை உத்தரவு போட, டார்வினில் இறக்கினார்கள், பிறகு கிறிஸ்துமஸ் தீவுக்குக் கொண்டுபோய் அடைத்தார்கள். 2021-ல் சின்னவளுக்கு ரத்தத்தில் கிருமி பரவி பெர்த் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டி வந்தது. ஆட்சி மாறிய பிறகு, 2022 ஜூனில்தான் ஊருக்குத் திரும்பினார்கள்.

இத்தனை வருஷமும் விடாமல் அவர்களுக்காக மனுப் போட்டதும் கையெழுத்து வாங்கியதும் பிலோயலா ஊர்ப் பெண்கள். அது வலதுசாரிக் கூட்டணி தொடர்ந்து ஜெயிக்கிற தொகுதி. 'படகுகளை நிறுத்து' என்பதற்கு ஓட்டுப் போட்டவர்கள் அங்கே நிறையப் பேர் இருந்திருப்பார்கள். ஆனால் இவர்கள் விஷயத்தில் அந்தப் பேச்சு அங்கே வேலை செய்யவில்லை, ஏனென்றால் அந்த மனிதரோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர்கள் அந்த ஊரில் இருந்தார்கள். அகதிகளைத் தீவுகளில், ஊர்க்கண்ணில் படாத இடத்தில் வைக்க அந்த அரசு அவ்வளவு மெனக்கெட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

முறைப்படி விசா வாங்கி வரலாமே, ஏன் வரிசையைத் தாண்டி ஓடிவருகிறார்கள்?
– வங்கி ஊழியர், ஈரோடு

அகதி விசா என்று ஒன்று எந்தத் தூதரகத்திலும் பொதுவாகக் கிடையாது. பிரிட்டனில் புகலிடம் கேட்க வேண்டுமானால் பிரிட்டன் மண்ணில் நின்றுதான் கேட்க முடியும். ஐ.நா. அகதிகள் ஆணையம் வழியாக வேறு நாட்டில் குடியமர்த்தப்படுகிறவர்கள் ஒரு வருஷத்தில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. 1951 அகதிகள் உடன்படிக்கையின் 31-வது பிரிவே, ஆபத்திலிருந்து நேராக ஓடிவந்தவரை அனுமதியின்றி நுழைந்ததற்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறது. இல்லாத வரிசையில் எங்கே போய் நிற்பது?

நாங்கள் முறையாக வந்து உழைத்து முன்னேறியவர்கள். எங்களையும் இவர்களையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். நான் அந்தக் கட்சிக்குத்தான் ஓட்டுப் போடுகிறேன்.
– வாசகர், லண்டன்

உங்கள் ஓட்டு உங்கள் உரிமை, அதில் நான் தலையிட மாட்டேன். படையெடுப்பு என்று பேசிய பிராவர்மனின் தாய்வழிக் குடும்பமே மொரீசியஸ் தமிழ்க் குடும்பம்தான். சுனக்கின் பெற்றோர் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். அதனால் நீங்கள் மட்டும் புதிதாக ஒன்றும் செய்துவிடவில்லை.

ஆனால் இதையும் யோசித்துப் பாருங்கள். 1968 ஏப்ரலில் பர்மிங்ஹாமில் கன்சர்வேடிவ் எம்.பி. ஈனக் பவல் குடியேறிகளுக்கு எதிராகப் பேசியது யாரைப் பற்றி? படகில் வந்தவர்களைப் பற்றி அல்ல. காமன்வெல்த் நாடுகளிலிருந்து சட்டப்படி வந்து, பஸ் ஓட்டி, மருத்துவமனையில் வேலை பார்த்து, வரி கட்டியவர்களைப் பற்றி. இப்போதும் பாருங்கள், ஜெர்மனியில் ஏஎஃப்டி கட்சி 'ரீமிக்ரேஷன்' என்று, அதாவது பெருமளவில் திருப்பி அனுப்புவது என்று, வெளிப்படையாகப் பேசுகிறது. 2023 நவம்பரில் பாட்ஸ்டாம் அருகே அக்கட்சிக்காரர்கள் சிலரும் தீவிர வலதுசாரிகளும் கூடிய கூட்டத்தில் குடியுரிமை பெற்றவர்களைப் பற்றியும் பேச்சு நடந்தது என்று செய்தி வெளியானதும் லட்சக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். படகில் தொடங்குகிற பேச்சு படகோடு நிற்பதில்லை ஐயா.

அப்புறம், டியாகோ கார்சியாவில் நடந்ததைத் தேடிப் படியுங்கள். 2021 அக்டோபரில் கனடாவுக்குக் கிளம்பி, படகு பழுதாகி அந்த பிரிட்டிஷ் ராணுவத் தீவில் கரையேற்றப்பட்ட நம் ஆட்கள் மூன்று வருஷத்துக்கு மேல் கூடாரத்தில் கிடந்தார்கள். அது சட்டவிரோதச் சிறைவைப்பு என்று நீதிமன்றம் சொன்னது 2024 டிசம்பரில்.

அகதிகளில் குற்றம் செய்கிறவர்களே இல்லையா? நீங்கள் ஒரு பக்கமாகவே எழுதுகிறீர்கள்.
– வழக்கறிஞர், மதுரை

இருக்கிறார்கள். 2015 டிசம்பர் 31, புத்தாண்டு பிறக்கிற இரவில் ஜெர்மனியின் கொலோன் ரயில் நிலையம் முன்னால் நூற்றுக்கணக்கான பெண்கள் பாலியல் தாக்குதலுக்கும் திருட்டுக்கும் ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்களில் பலர் வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள், பலர் புகலிடம் கேட்டவர்கள். மறுநாள் காலையில் போலீஸ் வெளியிட்ட குறிப்போ, இரவு பெரும்பாலும் அமைதியாகக் கழிந்தது என்றது. ஏஎஃப்டிக்கு இதைவிடப் பெரிய உதவியை யாரும் செய்திருக்க முடியாது. நடந்ததை மூடி மறைத்தால் அடுத்த முறை உண்மையைச் சொன்னாலும் ஜனங்கள் நம்ப மாட்டார்கள்.

2024 ஜூலையில் இங்கிலாந்தின் சவுத்போர்ட்டில் நடந்தது இதற்கு நேர் எதிர். மூன்று சிறுமிகளைக் கத்தியால் குத்திக் கொன்றவன் படகில் வந்த அகதி என்று சில மணி நேரத்தில் வதந்தி பரவியது. அவன் பிறந்தது கார்டிஃபில். ஆனாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராதரம் ஊருக்குப் பக்கத்தில் புகலிடம் கேட்டவர்கள் தங்கியிருந்த ஓட்டலுக்கு, உள்ளே ஆட்கள் இருக்கும்போதே, தீ வைத்தார்கள். குற்றவாளியைத் தண்டிக்கச் சட்டம் இருக்கிறது, வழக்கறிஞரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒருவன் செய்ததற்கு அவன் சாயலில் இருக்கிற அத்தனை பேரையும் கொளுத்தப் போவதைத்தான் எதிர்க்கிறேன்.

வெளிநாட்டைப் பற்றி இவ்வளவு எழுதுகிற நீங்கள் நம்மூரைப் பற்றிப் பேசுவீர்களா?
– வாசகர், கோயம்புத்தூர்

பேசுகிறேன். வங்கதேசத்திலிருந்து ஊடுருவியவர்களைக் கரையான் என்று அமித் ஷா தேர்தல் மேடைகளில் சொன்னார், 2019-லும் சொன்னார். எல்லையைக் காக்க வேண்டும் என்பதற்கும் மனிதனைப் பூச்சி என்பதற்கும் ரொம்ப தூரம். அதே 2019 ஆகஸ்டில் அசாம் குடிமக்கள் பதிவேட்டில் 19 லட்சம் பேர் விடுபட்டார்கள், அதில் இந்துக்களும் ஏராளம் என்று தெரிந்ததும் அவருடைய பா.ஜ.க.வே பட்டியல் சரியில்லை என்றது. டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைச் சொல்கிறது. இலங்கை அதில் இல்லை. 1983 முதல் இங்கே வந்து, முகாமிலும் வெளியிலுமாகச் சுமார் 90 ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இங்கேயே பிறந்து கல்லூரி முடித்த பிள்ளைக்குக் கையில் அகதி அட்டைதான்.

மலையகத்தில் எங்கள் தாத்தாவைக் 'கள்ளத்தோணி' என்பார்களாம். இதுவும் அதே பேச்சுதானே?
– ஆசிரியை, ஹட்டன்

அதேதான் அம்மா. தேயிலைத் தோட்டத்துக்குக் கங்காணி வைத்துக் கூட்டிப்போனது வெள்ளைக்காரன். 1948-ல் குடியுரிமையைப் பறித்தது சுதந்திர இலங்கையின் வலதுசாரி ஐக்கிய தேசியக் கட்சி அரசு. 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது, 3 லட்சம் பேருக்கு அங்கே குடியுரிமை என்று இரண்டு அரசுகளும் பங்கு பிரித்தன, போகிறவர்களிடம் யாரும் கேட்கவில்லை. கூப்பிட்டு வேலை வாங்கிய மண்ணிலேயே பிறகு தோணியில் திருட்டுத்தனமாக வந்தவன் என்றால், கேட்கிற பேரப்பிள்ளைக்கு எப்படி வலிக்கும் என்பதை உங்கள் கடிதத்தில் பார்த்தேன்.

வலதுசாரிகள் மட்டும்தான் இப்படியா? மற்றவர்கள் யோக்கியமா?
– வாசகர், சேலம்

இல்லை. படகில் வருகிறவர்களைக் கட்டாயமாக அடைத்து வைக்கும் சட்டத்தை 1992-ல் ஆஸ்திரேலியாவில் கொண்டுவந்தது லேபர் கட்சி. படகில் வந்தால் ஒருக்காலும் ஆஸ்திரேலியாவில் குடியமர முடியாது என்று 2013 ஜூலையில் அறிவித்த கெவின் ரட்டும் லேபர்தான். டென்மார்க்கில் சமூக ஜனநாயகக் கட்சியே வலதுசாரிகளின் அகதிக் கொள்கையை எடுத்துக்கொண்டு 2019-ல் ஆட்சிக்கு வந்தது.

பிரிட்டனில் லேபர் பிரதமர் கியர் ஸ்டார்மர் 2024-ல் வந்த கையோடு, புகலிடம் கேட்டு வந்தவர்களை ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவுக்கு அனுப்பும் திட்டத்தை நிறுத்தினார்; டோரிகள் அதற்குச் சுமார் 70 கோடி பவுண்டு செலவழித்து அனுப்பியது நாலு பேரை, அதுவும் அவர்கள் சம்மதத்தோடு. நல்லது. ஆனால் 2025 மே மாதம் அவரே, நாம் அந்நியர்களின் தீவாக ஆகிவிடுவோம் என்று பேசினார். 1968-ல் பவல் சொன்னதுபோலவே இருக்கிறதே என்று அவர் கட்சிக்காரர்களே கொதித்தார்கள், ஜூன் மாதம் அந்தப் பேச்சுக்காக அவர் வருத்தம் தெரிவித்தார். ஓட்டாவது கூடியதா என்றால் அதுவும் இல்லை. அந்த வாரமும் அதற்குப் பிறகும் கருத்துக் கணிப்புகளில் முன்னால் நின்றது, குடியேற்றத்தை இன்னும் கடுமையாக எதிர்க்கிற நைஜல் ஃபராஜின் ரிஃபார்ம் கட்சிதான்.